எண்ணைத் தப்பாக அடித்ததற்கா ஒரு கம்பெனி மூடும்?

கேள்வி: ஜூன் 2, காலை 9.15

எங்கள் ஆபீஸ் பயிற்சி வகுப்பில், டார்கெட் என்ற அமெரிக்கக் கடைத்தொடர் கனடாவில் கடை போட்ட கதையைச் சொன்னார்கள். 133 கடைகள், 17,600 பேருக்கு வேலை, திறந்து இரண்டு வருடத்துக்குள் மூட்டை கட்டிவிட்டார்கள், காரணம் பொருள்களின் அளவுகளைக் கணினியில் தப்பாக ஏற்றியது என்கிறார் வகுப்பெடுத்தவர். கீபோர்டில் நாலு எண் மாறியதற்கா ஒரு கம்பெனி மூடும்? மேலே இருப்பவன் செய்ததைக் கீழே இருப்பவன் தலையில் கட்டுகிற வழக்கமான கதை மாதிரித்தான் எனக்குத் தெரிகிறது. சரக்கு, கிடங்குப் பக்கம் வேலை பார்ப்பவர்கள் சொல்லுங்கள்.

ஜூன் 2, இரவு 10.40

மூடும்.

நான் திருப்பூரில் பனியன் ஏற்றுமதிக் கம்பெனிகளில் ஷிப்பிங் பக்கம் பதினாறு வருடமாக இருக்கிறேன். கம்பெனி மூடுகிற அளவுக்குத் தப்புச் செய்ததில்லை. முதலாளி ஒரு வாரம் என்னிடம் பேசாத அளவுக்குச் செய்திருக்கிறேன். அது அப்புறம்.

டார்கெட் விவகாரம் இதுதான். 2011 ஜனவரியில் ஸெல்லர்ஸ் என்ற கனடியக் கடைத்தொடரின் குத்தகை இடங்களை ஏறக்குறைய 180 கோடி கனடிய டாலருக்கு வாங்கினார்கள். கடை பூட்டிக் கிடந்தாலும் வாடகை ஓடும், அதனால் சீக்கிரம் திறந்தாக வேண்டும். அமெரிக்காவில் ஓடிக்கொண்டிருந்த அவர்களுடைய சொந்த மென்பொருளுக்குக் கனடிய டாலரும் தெரியாது, பிரெஞ்சு எழுத்தும் தெரியாது. சரக்கு, கணக்கு எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிற எஸ்ஏபி என்ற மென்பொருளைப் புதிதாகப் போட்டார்கள். சுமார் 75,000 பொருள்கள். ஒவ்வொன்றுக்கும் நீளம், அகலம், உயரம், ஒரு பெட்டிக்கு எத்தனை, எந்த நாணயத்தில் விலை, சுங்கத் தீர்வைக் குறியீடு என்று வரிசையாகக் கட்டங்கள். உட்கார்ந்து நிரப்பியவர்களில் பலர் நேற்றுத்தான் படிப்பை முடித்தவர்கள். சென்டிமீட்டர் கேட்ட கட்டத்தில் அங்குலத்தைப் போட்டார்கள். நீளம் கேட்ட இடத்தில் அகலத்தைப் போட்டார்கள். பிறகு சோதித்துப் பார்த்தால் நூற்றுக்கு முப்பது பதிவுதான் சரியாக இருந்ததாம். அமெரிக்கக் கடைகளில் இதே கணக்கு 98, 99.

அங்குலம், சென்டிமீட்டர் என்றால் இரண்டரை மடங்குதானே என்று தோன்றும். மூன்று பக்கமும் மாறினால் 2.54-ஐ மூன்று முறை பெருக்க வேண்டும், பதினாறு மடங்கு. பதினாறு பெட்டி வைக்கிற இடத்தில் ஒரு பெட்டிதான் போகும், கணினியோ இடம் இருக்கிறது இருக்கிறது என்று வரவழைத்துக்கொண்டே இருக்கும். கிடங்கு பிதுங்கி வழிய, கடையில் அலமாரி காலி. ஒரே ஊரில் இரண்டும் ஒரே நேரத்தில். 2013 மார்ச்சில் முதல் மூன்று கடைகளைத் திறந்தார்கள், 2015 ஜனவரி 15 அன்று கிளம்புகிறோம் என்று அறிவித்தார்கள்.

ஜூன் 2, இரவு 11.05

அளவை விஷயத்தில் கனடாவுக்கு ஜாதகத்திலேயே ஏதோ இருக்கிறது. கிம்லி விமானம் ஞாபகம் வருகிறதா? தூக்கம் வருகிறது, நாளைக்கு.

ஜூன் 3, மதியம் 1.20

சாப்பாட்டு இடைவேளையில் எழுதுகிறேன்.

1983 ஜூலை 23, ஏர் கனடாவின் போயிங் 767, மான்ட்ரியலிலிருந்து ஒட்டாவா வழியாக எட்மன்டன். கனடா அப்போதுதான் பவுண்டை விட்டு, கிலோ, லிட்டர் என்ற மெட்ரிக் முறைக்கு மாறிக்கொண்டிருந்தது. அந்த விமானத்தின் எரிபொருள் அளவுமானி வேலை செய்யவில்லை, அதனால் தொட்டியில் குச்சி விட்டு அளந்து கையால் கணக்குப் போட்டார்கள். தேவை 22,300 கிலோ. உள்ளே இருந்தது 7,682 லிட்டர். லிட்டரைக் கிலோவாக்க 0.8-ஆல் பெருக்க வேண்டும். ஆனால் எரிபொருள் சீட்டில் இருந்த எண் 1.77. அது லிட்டரைப் பவுண்டாக்குகிற எண், பழைய விமானங்களுக்கு அதுதான் பழக்கம். 7,682-ஐ 1.77-ஆல் பெருக்கினால் 13,597. 22,300-இல் அதைக் கழித்தால் 8,703. அதைத் திரும்ப 1.77-ஆல் வகுத்து 4,900 லிட்டர் சொச்சம் ஊற்றினார்கள். ஊற்றியிருக்க வேண்டியது 20,000 லிட்டருக்கு மேல்.

நடுவானத்தில் இரண்டு என்ஜினும் நின்றன. விமானி அதைக் கிளைடர் மாதிரி மிதக்கவிட்டு, கிம்லி என்ற ஊரில் கைவிடப்பட்ட விமானப்படைத் தளத்தில் இறக்கினார். அங்கே அன்றைக்குக் கார்ப் பந்தயம் நடந்துகொண்டிருந்தது. ஒருவர்கூடச் சாகவில்லை.

அந்தக் கணக்கைத் திரும்பப் பாருங்கள். கூட்டல் கழித்தலில் ஒரு தப்பும் கிடையாது. பல முறை சரிபார்த்தார்கள், எல்லா முறையும் விடை சரியாகவே வந்தது. எங்கள் ஆபீஸில் யாராவது "ரெண்டு தடவை செக் பண்ணிட்டேன் சார்" என்றால் எனக்கு இந்த விமானம்தான் கண்ணில் வரும்.

ஜூன் 4, இரவு 9.50

"நேற்றுப் படிப்பை முடித்தவர்கள்" என்று நான் எழுதியது நியாயமில்லை என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். ஒப்புக்கொள்கிறேன். அவர்களிடம் சப்ளையர் கொடுத்த தாளே அரைகுறை. ஒரு பெரிய சப்ளையரைக் கூப்பிட்டு "உங்கள் அளவு தப்பு, திரும்ப அனுப்புங்கள்" என்று கேட்கிற தைரியம் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதமான பிள்ளைக்கு எங்கிருந்து வரும்? எனக்கே வந்ததில்லை. சரி, என் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

அப்போது நான் வேறொரு கம்பெனியில். புது சாஃப்ட்வேர் போட்டார்கள், ஏப்ரல் ஒன்றாம் தேதி ஓட ஆரம்பிக்க வேண்டும். பழைய எக்செல்லில் இருந்த நானூறு சொச்சம் ஐட்டங்களை அதில் ஏற்றுகிற வேலை எனக்கும் இன்னொரு பையனுக்கும். அட்டைப்பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றுக்கும் சிவப்பு நட்சத்திரம் போட்டிருந்தது. காலியாக விட்டால் சேவ் ஆகாது. முப்பது நாற்பது ஐட்டத்துக்கு அளவு கையில் இல்லை. பேக்கிங் செக்‌ஷனைக் கேட்டால் "அந்த பையர் ஆர்டரே இப்ப இல்லீங்களே, பெட்டி வந்தா அளந்து தர்றோம்" என்றார்கள். மார்ச் 31, மணி ராத்திரி பதினொன்று. 1, 1, 1 என்று அடித்துக்கொண்டே போனேன். பிறகு திருத்திக்கொள்ளலாம். ஒரு நோட்டில் அந்த ஐட்டம் நம்பர்களை எழிதிக்கூட வைத்தேன். *எழுதி.

அந்த நோட்டு இப்போது எங்கே என்று கேட்காதீர்கள்.

பதினோரு மாதம் ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் அந்த ஐட்டங்களில் ஒன்றுக்கு, குழந்தைகளுக்கான இரவு உடை செட், ஆர்டர் வந்தது. ஒரே கண்டெய்னரில் இரண்டு ஐட்டம்: டீ-ஷர்ட் 520 பெட்டி, இரவு உடை 140 பெட்டி. பெட்டி எல்லாம் ஒரே அளவு, 60, 40, 40 சென்டிமீட்டர். ஒரு பெட்டி 0.096 சிபிஎம், அதாவது கன மீட்டர். 520 பெட்டிக்கு 49.92. அந்த 140 பெட்டிக்கு, என் புண்ணியத்தில், 0.00014. சாஃப்ட்வேர் இரண்டு தசமம் வரைக்கும்தான் காட்டும். மொத்தம் 49.92 சிபிஎம் என்று காட்டியது. நாற்பதடி ஹைகியூபில், அதாவது உயரம் கூடுதலான கண்டெய்னரில், தாராளமாகப் போகும் என்று புக் செய்தேன். உண்மையில் அது 63-க்கு மேல்.

லோடிங் அன்று ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பம். விடிவதற்குள் வண்டி தூத்துக்குடிக்குக் கிளம்ப வேண்டும். லோடுமேன்களில் மூத்தவர் ஒருவர், ஐம்பத்தைந்து வயது இருக்கும், கண்டெய்னர் கதவைத் திறந்ததும் உள்ளே பார்த்தார். வராந்தாவில் அடுக்கியிருந்ததைத் திரும்பிப் பார்த்தார். "இது ஏறாது தம்பி" என்றார். நான் கையில் இருந்த பேப்பரைக் காட்டி, "கணக்குப் போட்டாச்சுங்கண்ணா, ஏறும்" என்றேன். அவர் பேப்பரை வாங்கக்கூட இல்லை. "சரி, ஏத்தறோம்" என்றார்.

மூன்று மணிக்குக் கண்டெய்னர் நிறைந்தது. 582 பெட்டி உள்ளே. தரையில் 78.

ஜூன் 4, இரவு 10.30

அந்த 78 என்ன ஆயிற்று என்று கேட்டவருக்கு: ஏர். கப்பலில் அடுத்த வாரம் அனுப்பினால் பையர் மொத்த பில்லிலும் தள்ளுபடி கேட்பார், அதனால் எங்கள் செலவில் விமானம். திருப்பூரில் "ஏர் ஆயிடுச்சு" என்று ஒருவன் சொன்னால் அதற்குமேல் யாரும் துருவ மாட்டார்கள். துக்க வீடு மாதிரி.

இதில் இன்னொரு கூத்து. விமானத்தில் பெட்டியின் எடைக்கும் அளவுக்கும் எது அதிகமோ அதற்குத்தான் காசு. நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 6,000-ஆல் வகுப்பார்கள். எங்கள் பெட்டி நிஜத்தில் 12 கிலோ, அளவுப்படி 16 கிலோ. ஏர் செலவு எவ்வளவு ஆகும் என்று முதலாளி அதே சாஃப்ட்வேரில் பார்த்தார். அதுதான் பெட்டியைச் சர்க்கரைக் கட்டி அளவுக்கு நினைத்துக்கொண்டிருக்கிறதே. 12 கிலோ வீதம் 936 கிலோ என்று காட்டியது. பில் வந்தது 1,248 கிலோவுக்கு. ஒரே 1, 1, 1, இரண்டாவது அடி. அந்த ஒரு வாரம் பேசாதது அப்போதுதான்.

ஜூன் 6, காலை 7.10

"அந்த சாஃப்ட்வேர் ஒரு எச்சரிக்கைகூடக் காட்டவில்லையா?"

காட்டியிருந்தாலும் பார்த்திருக்க மாட்டேன். ஒரு நாளைக்குத் திரையில் இருபது மஞ்சள் எச்சரிக்கைக் கட்டம் வரும், எல்லாவற்றுக்கும் ஓகே. கை தானாகப் போகும்.

இதில் உலக சாம்பியன் ஜப்பானில் இருக்கிறார். 2005 டிசம்பர் 8, டோக்கியோ பங்குச் சந்தையில் ஜே-காம் என்ற சின்னக் கம்பெனி முதல்முறையாக வருகிறது. மிசுஹோ செக்யூரிட்டீஸ் என்ற பங்குத் தரகு நிறுவனத்தின் ஊழியர் ஒருவர் 1 பங்கை 6,10,000 யென்னுக்கு விற்க வேண்டும். இரண்டு கட்டமும் மாறி, 6,10,000 பங்கை 1 யென்னுக்கு என்று விழுந்துவிட்டது. அந்தக் கம்பெனியின் மொத்தப் பங்கே 14,500. இல்லாத பங்கை நாற்பது மடங்குக்கு மேல் விற்றிருக்கிறார். திரையில் எச்சரிக்கை வந்தது, தாண்டிப் போனார். உடனே தெரிந்து ரத்து செய்யப் பார்த்தால், பங்குச் சந்தையின் மென்பொருளில் கோளாறு, ரத்து ஆகவில்லை. நஷ்டம் சுமார் 4,000 கோடி யென்.

டார்கெட்டில் நீளமும் அகலமும் மாறியதும் இதுவும் ஒரே சாதி. இரண்டு கட்டமும் எண்ணைத்தான் கேட்கிறது, எண்தான் போயிருக்கிறது. "இது எண் இல்லையே" என்று கணினி எப்படிச் சொல்லும்?

ஜூன் 8, இரவு 11.15

ஈரோட்டு நண்பர் ஒருவர் மஞ்சள் ஏற்றுமதியில் இருக்கிறாராம், எக்செல் முதல் பூஜ்யத்தைத் தின்பதைப் பற்றி எழுதச் சொல்கிறார். ஆஹா.

தெரியாதவர்களுக்கு: உலகம் முழுக்கச் சரக்குக்கு எச்எஸ் கோடு என்று ஒன்று உண்டு. முதல் இரண்டு இலக்கம் அத்தியாயம். பனியன் 61, அதனால் திருப்பூர்க்காரன் பிழைத்தான். காபி, தேயிலை, மிளகு, மஞ்சள் எல்லாம் 09. மஞ்சளுக்கு ஆறு இலக்கத்தில் 091030. இதை எக்செல்லில் அடித்து என்டர் தட்டினால் 91030 ஆகிவிடும். அடுத்த ஆபீஸில் ஒருவர் பார்க்கிறார், ஐந்து இலக்கம்தான் இருக்கிறது, ஏதோ விட்டுப்போச்சு என்று பின்னால் ஒரு பூஜ்யம் போட்டால் 910300. அத்தியாயம் 91 என்பது கடிகாரம். 9103 என்பது கைக்கடிகார இயந்திரம் வைத்த சிறு கடிகாரம்.

மஞ்சள் மூட்டை கடிகாரமாகக் கப்பல் ஏறுகிறது! நான் மிளகாய்ப் பொடிக்கு இதே மாதிரி ஒன்று நடக்கவிருந்ததை நேரில் பார்த்தேன். சுங்க வேலைகளைப் பார்த்துத் தருகிற சிஎச்ஏ ஆபீஸ் பையன் ஒருவன், பத்தொன்பது வயது, "அண்ணா, இதுல ஒரு சைபர் கம்மியா இருக்குதுங்களே" என்று போன் போட்டுக் கேட்டதால் தப்பித்தது. அவனுக்கு ஒரு பிரியாணி இன்னும் பாக்கி.

ஜூன் 8, இரவு 11.25

எண்ணுக்கு முன்னால் மேற்குறி (') போட்டு அடித்தால் பூஜ்யம் நிற்கும் என்று மூன்று பேர் சொல்லிவிட்டீர்கள். தெரியும். நான் போடுவேன். எனக்கு ஃபைல் அனுப்புகிறவர் போட மாட்டார்.

ஜூன் 9, மாலை 6.30

கண்டெய்னர் நம்பரில் மட்டும் ஏன் இந்த மாதிரித் தப்பு அதிகம் வருவதில்லை என்று ஒரு நல்ல கேள்வி. அதில் உள்ளேயே காவல்காரன் இருக்கிறான்.

நாலு எழுத்து, ஆறு எண், கடைசியில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் தனியாக ஒரு எண். அந்தக் கடைசி எண் சும்மா அலங்காரத்துக்கு இல்லை, முன்னால் இருக்கிற பத்திலிருந்து கணக்குப் போட்டு வருவது. ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு மதிப்பு, ஒவ்வொரு இடத்துக்கும் 1, 2, 4, 8 என்று இரட்டிப்பாகப் போகிற எடை. பெருக்கிக் கூட்டி 11-ஆல் வகுத்தால் மீதி. சிஎஸ்க்யூயூ 305438 என்று எடுத்துக்கொண்டால் கூட்டுத்தொகை 6,185, மீதி 3, கடைசி எண் 3. யாரோ அவசரத்தில் 5-ஐயும் 4-ஐயும் மாற்றி 304538 என்று அடித்தால் கூட்டுத்தொகை 6,249, மீதி 1. கடைசியில் 3 நிற்கிறது, பொருந்தவில்லை, கணினி அந்த இடத்திலேயே வாங்காது.

ஜிஎஸ்டி எண்ணின் பதினைந்தாவது எழுத்தும் இதே ஜாதிக் காவல்தான். பெட்டியின் நீளத்துக்கு இப்படி ஒன்று கிடையாது. 60 என்பதை 06 என்று அடித்தாலும் 600 என்று அடித்தாலும் எண்தான்.

ஜூன் 9, இரவு 8.00

திருத்தம். "வாங்காது" என்று அடித்துச் சொன்னது கொஞ்சம் அதிகம். 11-ஆல் வகுத்து மீதி 10 வந்தால் அதை ஒரு இலக்கத்தில் எழுத முடியாது, 0 என்றே போட்டுவிடுவார்கள். அந்த இடுக்கில் ஒரு சில தப்புகள் நழுவும். அதனால்தான் மீதி 10 வருகிற நம்பர்களைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். சுட்டிக்காட்டியவருக்கு நன்றி. நீங்கள் எந்த யார்டில் வேலை பார்க்கிறீர்கள்?

ஜூன் 12, இரவு 10.10

எல்லாத் தப்பையும் கை தவறியது என்றே பேசிக்கொண்டிருக்கிறோம். எடை விஷயத்தில் பாதி கை தவறவே இல்லை.

2007 ஜனவரியில் எம்எஸ்சி நாபொலி என்ற கப்பல் ஆங்கிலக் கால்வாயில் புயலில் விரிசல் விட்டு, இங்கிலாந்தின் டெவன் கரைக்கு அருகே தரைதட்ட வைக்கப்பட்டது. பிரான்ஸ்கம் கடற்கரையில் கண்டெய்னர் ஒதுங்கியதும் ஊர் மக்கள் புது பிஎம்டபிள்யூ மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போன படங்கள் அப்போது எல்லா இடத்திலும் வந்தன. அது வேடிக்கைப் பக்கம். மேல்தளத்தில் நனையாமல் இருந்த 660 கண்டெய்னர்களை எடை போட்டுப் பார்த்தார்கள். 137-இல் எழுதிக் கொடுத்த எடைக்கும் நிஜ எடைக்கும் 3 டன்னுக்கு மேல் வித்தியாசம். ஒன்றில் 20 டன். கப்பல் விரிசல் விட்டதற்கு அதன் உடலமைப்பின் பலவீனம்தான் முக்கியக் காரணம், எடையை மட்டும் சொல்ல முடியாது. ஆனால் ஐந்தில் ஒரு கண்டெய்னர் எடை பொய்!

2016 ஜூலை 1 முதல் எடைச் சான்று, அதாவது விஜிஎம், இல்லாமல் கண்டெய்னரைக் கப்பலில் ஏற்றக் கூடாது என்று சர்வதேச விதி வந்தது. முழு வண்டியையும் எடைமேடையில் ஏற்றலாம், அல்லது சரக்கு, அட்டைப்பெட்டி, கண்டெய்னரின் சொந்த எடை எல்லாவற்றையும் கூட்டிக் கொடுக்கலாம். சொந்த எடை கதவிலேயே எழுதியிருக்கும். இந்த இரண்டாவது வழியில் என்ன நடக்கும் என்று தெரியுமா? போன ஷிப்மென்ட் ஃபைலைத் திறந்து, சேவ் அஸ் கொடுத்து, கண்டெய்னர் நம்பரை மட்டும் மாற்றுவார்கள். நான் செய்ததில்லை. செய்ததில்லை என்று எழுதும்போது கொஞ்சம் யோசித்தேன்.

ஜூன் 13, காலை 8.40

பயணத்தில் இருக்கிறேன், சின்னதாக ஒன்று. பிரான்ஸில் புது ரயில்களுக்கு ஆர்டர் கொடுத்து, பிறகு பார்த்தால் 1,300 நடைமேடைகளுக்கு அவை அகலம் அதிகம் என்று 2014-இல் வெளியே வந்தது. நடைமேடையைச் செதுக்க 5 கோடி யூரோ. அளவு கொடுத்தவர்கள் முப்பது வருடத்துக்குள் கட்டிய நடைமேடைகளின் அளவைக் கொடுத்திருந்தார்கள். அந்த நாட்டில் பழைய ஸ்டேஷன்தான் நிறைய. கொடுத்த அளவில் ஒரு மில்லிமீட்டர் தப்பு இல்லை.

ஜூன் 15, இரவு 11.40

கேள்வி கேட்டவர் திரும்ப வந்து, "பதினைந்து நாளாகக் கதை சொல்கிறீர்கள், யார் மேல் தப்பு என்று சொல்லவே இல்லை" என்கிறார். நியாயம். முதல் நாள் "மூடும்" என்று ஒரே வார்த்தையில் எழுதினேன், இப்போது அதை அப்படியே சொல்ல மாட்டேன்.

டார்கெட்டில் அளவுத் தப்பைவிட என்னை உறுத்துவது வேறு. கடையில் ஒரு பொருள் தீர்ந்தால் கணினி தானாக ஆர்டர் போடும், அதற்கு ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு ஸ்விட்ச். சரக்கு கையிருப்பில் இருக்கிற சதவீதத்தை வைத்துத்தான் அங்கே ஊழியர்களை எடைபோட்டார்கள். ஸ்விட்சை அணைத்துவிட்டால், அந்தப் பொருள் தீர்ந்துபோனதாகக் கணக்கில் வராது. ஒரு சிலர் அணைத்துவிட்டார்கள். அலமாரி காலி, அறிக்கையில் சதவீதம் ஜோர். மேலே இருந்தவர்கள் அந்தச் சதவீதத்தைப் பார்த்து நிலைமை பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

அங்குலம் போட்ட பிள்ளைக்குத் தெரியாது. ஸ்விட்சை அணைத்தவருக்குத் தெரியும். அவரைக் கெட்டவர் என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை, ஏனென்றால் 1, 1, 1 அடித்தபோது எனக்கும் தெரியும். எனக்கு அன்றைக்கு வேண்டியிருந்தது பெட்டியின் அளவா? சேவ் பட்டன் பச்சையாக வேண்டும், அவ்வளவுதான். ஏப்ரல் ஒன்று என்று தேதி குறித்தவருக்கும் அதுதான் வேண்டியிருந்தது. நானூறு ஐட்டமும் ஏறிவிட்டதா என்று கேட்டார், ஏறிவிட்டது சார் என்றேன். அது பொய்யும் இல்லை.

ஹெர்ஷி சாக்லேட் கம்பெனியிலும் தேதிதான். ஏறக்குறைய 11 கோடி டாலர் செலவில் மூன்று மென்பொருளைச் சேர்த்துப் போட்டார்கள். நாலு வருட வேலையை இரண்டரை வருடத்தில் முடிக்கச் சொன்னார்கள். ஏப்ரலில் ஓட வேண்டியது தள்ளிப்போய் 1999 ஜூலையில், ஹாலோவீன் என்ற மிட்டாய்ப் பண்டிகையின் ஆர்டர்கள் வந்து குவிகிற நேரத்தில் ஓடவிட்டார்கள். சுமார் 10 கோடி டாலர் ஆர்டருக்குச் சரக்கு அனுப்ப முடியவில்லை. சாக்லேட் இல்லாமல் இல்லை. சீசனில் கிடைத்த மூலையிலெல்லாம் அடுக்கி வைப்பது அவர்கள் பழக்கம், புதுக் கணினிக்கு அந்த மூலைகள் எல்லாம் தெரியாது. தீபாவளி வாரத்தில் இனிப்புக் கடைக்காரர் மாடியில் லட்டை வைத்துக்கொண்டு, கல்லாவில் "தீர்ந்துவிட்டது" என்று சொல்கிற மாதிரி. இங்கே எந்த பனியன் கம்பெனியிலும் மாடிப்படிக்கு அடியில் பத்துப் பெட்டி இருக்கும், எந்த சாஃப்ட்வேரிலும் இருக்காது.

ஜூன் 16, காலை 6.50

ராத்திரி எழுதியதைப் படித்துப் பார்த்தேன். தேதி குறித்தவர் மேல் எல்லாவற்றையும் தள்ளிவிட்ட மாதிரி இருக்கிறது. அதுவும் சரியில்லை. தேதி இல்லாமல் எந்த சாஃப்ட்வேரும் ஓட ஆரம்பிக்காது, அதையும் பார்த்திருக்கிறேன். மூன்று வருடம் "டேட்டா கிளீனிங்" நடந்த கம்பெனி ஒன்று உண்டு. இன்னும் நடக்கிறது.

இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். யாருமே தப்பாக அடிக்காமலும் எண் பொய்யாகும். 2000-இல் இணைய வியாபாரம் சூடாக இருந்தபோது, இணையத்துக்கான கருவிகள் விற்கிற சிஸ்கோவின் வாடிக்கையாளர்கள், சரக்குக் கிடைக்காதோ என்று பயந்து ஒன்று தேவைப்பட்ட இடத்தில் இரண்டு மூன்று இடத்தில் ஆர்டர் போட்டார்கள். யார் முதலில் கொடுக்கிறார்களோ அவர்களிடம் வாங்கிக்கொண்டு மற்றதை விட்டுவிடலாம். கணினியில் விழுந்த ஒவ்வொரு ஆர்டரும் அசல் ஆர்டர். 2001-இல் சிஸ்கோ சுமார் 225 கோடி டாலர் சரக்கைக் கணக்கிலிருந்து தள்ளுபடி செய்தது. கல்யாண வீட்டில் ஒரே ஆள் மூன்று பந்தியிலும் இலை பிடித்து வைத்தால் சமையல்காரர் என்ன செய்வார், அதுதான். நூல் விலை ஏறும்போது எங்கள் ஊரிலும் மில்லில் இப்படித்தான் புக்கிங் நடக்கும்.

ஜூன் 21, மதியம் 3.30

இந்த இழையை எழுதப் போய் ஒரு வேலை வந்தது. இப்போது இருக்கிற கம்பெனியின் ஐட்டம் மாஸ்டரை, அதாவது எல்லா ஐட்டத்தின் விவரமும் இருக்கிற பட்டியலை, இறக்கி, நீளம் கட்டத்தில் 1 என்று வடிகட்டிப் பார்த்தேன். 23 வரி. அதில் 9 நான் சேர்வதற்கு முன்னால் ஏற்றியது. மீதி 14-இல் ஏற்றியவர் பெயர் இருக்கிற கட்டத்தைப் பார்த்தேன். எங்கள் செக்‌ஷன் பெண் ஒருவர், சேர்ந்து எட்டு மாதம். கூப்பிட்டுக் கேட்டேன். "அளவு வந்ததும் மாத்தலாம்னு நோட்ல எழுதி வெச்சிருக்கேன் சார்" என்றார்.

நோட்டை எடுத்துக்கொண்டு வந்தார். என்னைவிடப் பரவாயில்லை.

ஜூன் 21, இரவு 9.20

சாயங்காலம் இரண்டு பேரும் டேப் எடுத்துக்கொண்டு கோடவுனுக்குப் போனோம். 23-இல் 11-க்குப் பெட்டி கைவசம் இருந்தது, அளந்து ஏற்றியாயிற்று. போன இடத்தில் சும்மா 60, 40, 40 என்று ஏற்கெனவே சரியாக இருக்கிற பெட்டி ஒன்றையும் அளந்து பார்த்தேன். 62, 42, 41. பக்கத்தில் இருந்த லோடுமேன் சிரித்தார். "துணி போட்டா உப்புமுங்க, காலி அட்டையை அளந்திருப்பாங்க" என்றார்.

அப்படியென்றால் மாஸ்டரில் எதைப் போடுவது? பையரின் தாளில் 60 என்று இருக்கிறது, 62 போட்டால் அவர்கள் சிஸ்டம் ஏற்காது. ஈமெயில் போட்டிருக்கிறேன், பதில் இல்லை. எங்கள் மாஸ்டரில் மட்டும் 62 என்று மாற்றி வைத்திருக்கிறேன். வேறு கம்பெனிகளில் என்ன செய்கிறீர்கள் என்று யாராவது சொல்லுங்கள்.